வேலூரிலிருந்து முதல் ஐடி வேலை: சான்றிதழை எப்போது, எந்த வரிசையில் எடுப்பது?

"சர்டிபிகேட் இருந்தால் ஐடி வேலை கிடைச்சிடுமா?" காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடு என்று எங்கிருந்து வருகிறவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். சில வேலைகளுக்கு உதவும். பல வேலைகளுக்கு யாரும் கேட்கவே மாட்டார்கள். சான்றிதழை மட்டும் வைத்து எந்த வேலையும் கிடைக்காது.

சர்வீஸ் டெஸ்க் (போனில் வரும் கணினிப் புகார்களைத் தீர்ப்பது) வேலையில் இருந்து, புதியவர்களை நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிவது, பலர் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் இன்ஸ்டிட்யூட்டில் பணம் கட்டுகிறார்கள், அப்புறம் தேர்வு எழுதுகிறார்கள், அதற்கும் அப்புறம் இதை வைத்து என்ன வேலைக்குப் போகலாம் என்று தேடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

தொடங்கும் முன் வேண்டியவை: குறைந்தது 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், தினமும் இரண்டு மணி நேரம், வங்கி அட்டை, பாஸ்போர்ட். பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் இருக்கிறது என்றால், எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டுவதற்கு முன் அதன் ராமைக் கூட்ட முடியுமா என்று கடையில் கேளுங்கள். பாஸ்போர்ட் எதற்கு என்பது 6-ஆம் படியில் வரும்.

1. வேலையின் பெயரை முடிவு செய்யுங்கள்

'ஐடி வேலை' என்று ஒரு வேலை கிடையாது. சர்வீஸ் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட் (கணினியை நேரில் போய்ச் சரிசெய்வது), நெட்வொர்க் சப்போர்ட், மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் சோதிப்பது), டெவலப்பர் (நிரல் எழுதுவது) என்று தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சான்றிதழுக்கு உள்ள மதிப்பு வேறு.

நௌக்ரியிலும் லிங்க்டினிலும் அனுபவம் 0 முதல் 1 வருடம் என்று வடிகட்டி, ஒரே வேலைப் பெயரில் முப்பது விளம்பரங்களையாவது படியுங்கள். இடத்தில் சென்னை, பெங்களூரு இரண்டையும் போடுங்கள். இரண்டு பக்கமும் ரயிலில் போய் நேர்முகம் முடித்து அன்றே திரும்பிவிடலாம் என்பது காட்பாடிக்காரர்களுக்கு உள்ள வசதி. சென்னை மட்டும் தேடி அதில் பாதியை இழக்காதீர்கள்.

நோட்டில் இரண்டு பத்தி: 'கட்டாயம் கேட்டது', 'இருந்தால் நல்லது என்றது'. சான்றிதழின் பெயர் எந்தப் பத்தியில் எத்தனை தடவை விழுகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். சீனியர் சொன்னது, இன்ஸ்டிட்யூட் நோட்டீஸ், யூடியூப் எல்லாவற்றையும் விட நம்ப வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

யூடியூப் என்றதும் ஒன்று. அங்கே ஆங்கிலத்தில் வரும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்கச் சந்தைக்கானது. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் ஐடி பணிகள் பலவற்றுக்குக் காம்ப்டியா என்ற அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் போன்ற சான்றிதழ்களை ஏற்கும் தகுதியாக அறிவித்திருக்கிறது. அதனால் அங்கே விளம்பரங்களில் அந்தப் பெயர்கள் நிறைய வரும். ராணிப்பேட்டையிலும் சென்னை ஓஎம்ஆரிலும் அப்படி ஒரு விதி இல்லை.

2. மதிப்பெண் வடிகட்டியைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள்

புதியவர்களை மொத்தமாக எடுக்கும் பெரிய சேவை நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும். அரியர் இருந்தால் பல இடங்களில் பெயர் பட்டியலுக்கே வராது. இந்த வடிகட்டியை எந்தச் சான்றிதழும் தளர்த்தாது. இரண்டு அரியரை வைத்துக்கொண்டு கிளவுட் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள்) தேர்வுக்குப் படிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். முதலில் அரியரை முடியுங்கள்.

சதவீதம் இருக்கிறது, படிப்பும் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் என்றால், கேம்பஸிலும் டிசிஎஸ் என்க்யூடி போன்ற பொதுத் தேர்வுகளிலும் பார்ப்பது ஆப்டிட்யூட் (கணக்கு, தர்க்கம்), கோடிங், பேச்சு. அங்கே சான்றிதழுக்குச் செலவிடும் நேரத்தை ஆப்டிட்யூடுக்குக் கொடுங்கள். பிசிஏ, பிஎஸ்சி மாணவர்களுக்கு விப்ரோவின் வில்ப், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஹெச்சிஎல் டெக்பீ, ஸோஹோ ஸ்கூல்ஸ் என்று சொந்தத் தேர்வு வைத்து எடுக்கும் வழிகளும் உண்டு. இவற்றுக்கும் வெளிச் சான்றிதழ் தேவையில்லை.

யாருக்கு உண்மையிலேயே உதவும்? பிகாம், பிஎஸ்சி கணிதம், இயற்பியல், மெக்கானிக்கல் டிப்ளமோ என்று பட்டத்தில் கணினி வாசனையே இல்லாதவர்களுக்கு. படிப்பு முடித்து ஓரிரு வருடம் இடைவெளி விழுந்தவர்களுக்கு. "இந்தத் துறைக்கு ஏன் வந்தீங்க?" என்ற கேள்விக்கு அவர்கள் கையில் ஒரு ஆதாரம் வேண்டியிருக்கிறது.

3. எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல, தரம் பிரியுங்கள்

ஒரு கேள்வி போதும்: சொல்லிக் கொடுத்தவரைத் தவிர வேறு யாராவது உங்களைச் சோதித்தார்களா?

இன்ஸ்டிட்யூட் கொடுக்கும் 'கோர்ஸ் கம்ப்ளீஷன்', வீடியோ பார்த்து முடித்ததும் வரும் பிடிஎஃப், ஒருநாள் வெபினார் சான்றிதழ் எல்லாம் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குத்தான் அத்தாட்சி. பாடம் நன்றாகவே இருக்கலாம், ஆனால் காகிதத்துக்கு எடை இல்லை.

என்பிடெல் ஒரு படி மேலே. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் ஆன்லைன் பாடம், சேர்வது இலவசம். வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். கையில் காசு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்கு மேலே சிஸ்கோ (நெட்வொர்க் கருவிகள்), ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்), மைக்ரோசாஃப்ட், ஐஎஸ்டிக்யூபி (மென்பொருள் சோதனை) போன்றவற்றின் சான்றிதழ்கள். கண்காணிப்புடன் தேர்வு நடக்கும், சான்றிதழை நிறுவனம் ஆன்லைனில் சரிபார்க்கலாம்.

2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு வகுப்பு வந்தால் கடமைக்கு முடிக்காதீர்கள். வெளியே பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் பாடங்கள் பல அங்கே செலவில்லாமல் வருகின்றன.

4. வேலைக்கு ஏற்ற ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

நெட்வொர்க் சப்போர்ட் என்றால் சிஸ்கோவின் சிசிஎன்ஏ. நுழைவு நிலையில் ஒரு சான்றிதழ் வேலைக்கு மிக நெருக்கமாக நிற்பது இங்கேதான். 120 நிமிடத் தேர்வு, கட்டணம் 300 டாலர், அதன் மேல் வரி. விஎல்ஏஎன், சப்நெட் (நெட்வொர்க்கைப் பிரிப்பது), ஓஎஸ்பிஎஃப் (தரவுக்கு வழி தேடுவது) எல்லாம் கைவேலையாகவும் கேட்பார்கள். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி நடக்கும் கல்லூரியில் படித்தால் தள்ளுபடி வவுச்சர் கிடைக்குமா என்று துறையில் கேளுங்கள்.

டெஸ்டிங் என்றால் ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன். 40 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. நேரம் 60 நிமிடம். தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களுக்கு 15 நிமிடம் கூடுதலாக உண்டு, பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். படித்ததை உடனே வேலையில் காட்ட முடிவது இதன் பலம். ஐஆர்சிடிசியில் சாதாரண டிக்கெட் ஒன்றில் 6 பேர் வரை போடலாம். எல்லை மதிப்புச் சோதனையில் (எல்லையிலும் அதை ஒட்டியும் சோதிப்பது) 0, 1, 6, 7 என்று நான்கையும் முயல வேண்டும். தட்கல் என்றால் எல்லை 4, அப்போது 4-உம் 5-உம் வரும். நேர்முகத்தில் இப்படி ஒரு நிஜ உதாரணத்தோடு பேசுகிறவரை மறக்க மாட்டார்கள்.

கிளவுட் என்றால் ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர் (100 டாலர், 65 கேள்விகள்) அல்லது மைக்ரோசாஃப்ட் ஏஇசட் 900. இவை அறிமுகத் தேர்வுகள். விற்பனைத் துறையில் இருப்பவர்களும் எழுதுவதற்காக வடிவமைத்தவை. இதை வைத்துக்கொண்டு 'கிளவுட் இன்ஜினியர்' என்று விண்ணப்பித்தால் பதிலே வராது. சப்போர்ட் வேலைக்குப் போகிறவருக்குக் கூடுதல் அலங்காரம், அவ்வளவுதான். அதற்கு மேல் போக நினைத்தால் லினக்ஸை முதலில் படியுங்கள்.

சர்வீஸ் டெஸ்க், டெஸ்க்டாப் சப்போர்ட் என்றால் காம்ப்டியா ஏ பிளஸ் பாடத்திட்டத்தைப் படியுங்கள், தேர்வு எழுத அவசரப்பட வேண்டாம். இரண்டு தாள், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். நம் பக்கத்து விளம்பரங்களில் அதைக் கட்டாயம் என்று கேட்பது அரிது. பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

டெவலப்பர் என்றால் சான்றிதழே வேண்டாம். கிட்ஹப்பில் (நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளம்) ஓடுகிற இரண்டு புராஜெக்ட் வையுங்கள்.

எத்திக்கல் ஹேக்கிங் நோட்டீஸைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு: அந்தத் துறையின் சிஇஹெச் தேர்வை எழுத, அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வருடத் தகவல் பாதுகாப்பு அனுபவம் காட்ட வேண்டும். செலவும் பெரிது. முதல் வேலைக்கு முன் அதில் இறங்காதீர்கள்.

5. தேர்வுக்கு முன் வீட்டில் ஒரு லேப் அமையுங்கள்

சான்றிதழ் வைத்திருப்பவர்கள் நேர்முகத்தில் விழுவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சப்போர்ட் வேலையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இலவசம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் சர்வரின் 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பும், விண்டோஸ் எண்டர்பிரைஸின் 90 நாள் பதிப்பும் கிடைக்கும். இரண்டையும் இரண்டு மெய்நிகர் கணினிகளாக நிறுவுங்கள். சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி (யூசர்களையும் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பது) போட்டு ஒரு டொமைன், அதாவது அப்படி நிர்வகிக்கும் கணினிக் குழு, உருவாக்குங்கள். கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியையும் அங்கேயே அமையுங்கள். பத்து யூசர்களைச் சேர்த்து, மற்ற கணினியை அந்த டொமைனில் இணையுங்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது, அதனால்தான் எண்டர்பிரைஸ். இரண்டு கணினிகளையும் விர்ச்சுவல்பாக்ஸில் 'இன்டர்னல் நெட்வொர்க்'கில் போட வேண்டும். முதலில் இருக்கும் 'நாட்' என்ற அமைப்பிலேயே விட்டுவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸே ஐபி முகவரி கொடுத்துவிடும், நீங்கள் அமைத்த டிஹெச்சிபி வேலை செய்கிறதா என்றே தெரியாது. மூன்றாவது, கிளையன்ட் (டொமைனில் இணைத்த) கணினியின் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றுவது) முகவரி உங்கள் சர்வரின் முகவரியாக இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'டொமைன் கிடைக்கவில்லை' என்ற பிழையோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்கள் அதிகம்.

அமைத்தது போதாது, உடைத்துப் பாருங்கள். அக்கவுண்ட் லாக்அவுட் பாலிசி ஒன்று போட்டு, தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்து அக்கவுண்டைப் பூட்டுங்கள், பிறகு திறங்கள். பகிர்ந்த ஃபோல்டரில் ஒருவருக்கு மட்டும் அனுமதியை எடுங்கள். டிஹெச்சிபி சேவையை நிறுத்திவிட்டு, கிளையன்டின் பழைய ஐபியை விடுவித்துப் புதிதாகக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி வரும். ஒரு முறை கண்ணால் பார்த்தால் போதும், மறக்காது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சப்போர்ட் நேர்முகத்தில் தவறாமல் வரும் கேள்வி இது:

"ஒரு யூசர் போன் பண்றாரு, நெட் வரலைங்கறாரு. என்ன செய்வீங்க?"

"ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வேன் சார்."

"பண்ணிட்டாரு. இப்பவும் வரல."

அப்புறம் பேச்சு வராது. லேப்பில் உடைத்துப் பார்த்தவர் இப்படிப் போவார்: அவருக்கு மட்டுமா, பக்கத்து சீட்டிலும் வரவில்லையா என்று கேட்பார். கேபிளையும் வைஃபையையும் பார்க்கச் சொல்வார். முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடிக்கச் சொல்வார். 169.254 என்று வந்தால் டிஹெச்சிபியிலிருந்து முகவரி வரவில்லை. முகவரி சரி என்றால் கேட்வேயை (வெளியே போகும் வழி) பிங் செய்வார், அதாவது பதில் வருகிறதா என்று பார்ப்பார், அப்புறம் கூகுளின் 8.8.8.8-ஐ. அதற்குப் பதில் வந்து, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் பக்கம் சந்தேகம். இல்லாவிட்டால் பிராக்ஸி, விபிஎன். எல்லாவற்றையும் டிக்கெட்டில் எழுதிவிட்டு, தன்னால் முடியாததை அடுத்த நிலைக்கு அனுப்புவார்.

இந்தப் பதிலை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் திணறாமல் சொல்லப் பழகுங்கள். போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். சர்வீஸ் டெஸ்கில் பேச்சுதான் பாதி வேலை.

நெட்வொர்க் என்றால் இதே வேலையைச் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருளில் செய்யுங்கள், அதுவும் இலவசம். ஏடபிள்யூஎஸ் கணக்கு திறப்பவர்கள் அட்டையைக் கொடுத்த கையோடு பட்ஜெட் எச்சரிக்கை போடுங்கள். ஓடவிட்டு மறந்த சர்வருக்கும் பில் வரலாம்.

6. இப்போது தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள்

தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தளத்திலேயே பாடத்திட்டம் பட்டியலாக இருக்கும். ஒவ்வொரு வரியையும் பார்த்து 'இதைச் செய்து காட்ட முடியும்' என்று டிக் போடுங்கள். முக்கால்வாசி டிக் ஆன பிறகு தேதி எடுங்கள். டெலிகிராமில் சுற்றும் 'டம்ப்ஸ்' (கசிந்த தேர்வுக் கேள்விகள்) பக்கம் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்வார்கள். பிடிபடாவிட்டாலும், மேலே சொன்ன நெட் கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.

பதிவில் நம் ஊர்க்காரர்களைப் படுத்துவது இனிஷியல். பல தேர்வுகளை நடத்தும் பியர்சன் வியூவின் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்கும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, மார்க் ஷீட்டில் முன்னால் இரண்டு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருக்கும். தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே படிவத்தில் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் எழுத விடாமல் திருப்பி அனுப்பலாம், பணமும் போகும். பாஸ்போர்ட்டில் பெயர் இரண்டு பகுதியாகப் பிரிந்திருந்தால் குழப்பம் குறையும். அதைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கைத் திறங்கள்.

வீட்டிலிருந்து எழுதலாம். ஆனால் அறைக்குள் யாரும் வரக்கூடாது, மேசையில் எதுவும் இருக்கக்கூடாது, கேள்வியை வாய்விட்டுப் படித்தாலே எச்சரிப்பார்கள். அன்று உங்கள் பகுதிக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பாருங்கள். தெருவில் கோயில் இருந்தால் ஆடி மாதத்தைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். கூட்டுக் குடும்ப வீடு என்றால் மையத்துக்கே போய்விடுங்கள். வேலூரில் இடம் காட்டாவிட்டால் சென்னையிலோ பெங்களூரிலோ பிற்பகல் நேரமாகப் பார்த்து எடுங்கள், காலை ரயில் தாமதமானாலும் சமாளிக்கலாம்.

தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். காத்திருக்க வேண்டிய காலம் சிஸ்கோவுக்கு 5 நாள், ஏடபிள்யூஎஸ்ஸுக்கு 14 நாள், மைக்ரோசாஃப்டில் முதல் தோல்விக்குப் பின் 24 மணி நேரம்.

7. ரெஸ்யூமேயில் அதற்கு ஒரு வரி போதும்

பதினைந்து சான்றிதழ்களைப் பட்டியலிட்ட ரெஸ்யூமேக்கள் நிறைய வருகின்றன. பைதான், போட்டோஷாப், ஏஐ, டேலி, சைபர் செக்யூரிட்டி எல்லாம் ஒரே பக்கத்தில். படிப்பவருக்கு இவர் எந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்றே புரியாது. விண்ணப்பிக்கும் வேலைக்குச் சம்பந்தமான ஒன்றிரண்டை வைத்து மற்றதை நீக்குங்கள். பெயர், பெற்ற மாதம், சரிபார்க்கும் இணைப்பு மூன்றும் ஒரே வரியில் அடங்கும்.

மேலே வர வேண்டியது லேப். 'ஆக்டிவ் டைரக்டரி தெரியும்' என்பதற்குப் பதில், 'இரண்டு கணினி டொமைன் லேப் அமைத்தேன். டிஹெச்சிபி, டிஎன்எஸ் பிழைகளை உருவாக்கிச் சரிசெய்தேன்' என்று எழுதுங்கள். அடுத்த கேள்வியை நீங்களே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

8. சான்றிதழ் வரும் வரை காத்திருக்காமல் விண்ணப்பியுங்கள்

லேப் ஓடத் தொடங்கிய வாரமே ஆரம்பிக்கலாம். நேர்முகத்தில் கேட்கும் கேள்விகளே அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று காட்டும். சில சமயம் தேர்வு எழுதுவதற்கு முன்பே வேலை கிடைத்துவிடும், அந்தப் பணம் மிச்சம்.

உள்ளூரையும் விடாதீர்கள். ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள் எல்லாவற்றிலும் கணினி, பிரிண்டர், சர்வர் பார்க்க ஆள் வேண்டும். பெரும்பாலும் நௌக்ரியில் வராது, தெரிந்தவர் சொல்லித்தான் தெரியும். சம்பளம் குறைவுதான். ஆனால் ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டால் 'அனுபவம் இல்லை' என்ற வடிகட்டி உங்களைத் தொடாது. முதல் வேலைக்கு எந்தச் சான்றிதழையும் விட அந்த ஒரு வருடத்துக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

'பேக்டோர்' (குறுக்கு வழி வேலை) என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடமிருந்து விலகி இருங்கள். வேலை தருவதற்கு எந்த நல்ல நிறுவனமும் பணம் கேட்பதில்லை. போலி அனுபவக் கடிதமும் நிற்காது. பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப்பின் யுஏஎன் கணக்கைப் பார்த்தால் முன்பு எங்கே வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று சொல்லும் இன்ஸ்டிட்யூட்டில், கடந்த ஆறு மாதத்தில் வேலைக்குப் போன இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். எண் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

9. காலாவதியைக் கணக்கில் வையுங்கள்

சிசிஎன்ஏ, ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்கள் மூன்று வருடம் செல்லும். கல்லூரி இரண்டாம் ஆண்டில் எழுதினால், வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு காலாவதியாகும். கடைசி ஆண்டுக்கு முந்தைய விடுமுறையில் லேப், கடைசி ஆண்டில் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷனுக்கும் மைக்ரோசாஃப்டின் ஃபண்டமென்டல்ஸ் (ஏஇசட் 900 போன்ற) வகைக்கும் காலாவதி இல்லை, அவற்றை முன்பே எழுதலாம். ஏடபிள்யூஎஸ் தேர்வில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணக் கூப்பன் கணக்கில் இருக்கும், மறந்துவிடாதீர்கள். இரண்டாவது சான்றிதழுக்குச் சொந்தப் பணம் போடும் முன் வேலை செய்யும் இடத்தில் எச்ஆரிடம் கேளுங்கள், தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு.